பிச்சாவரம்: நாக்கில் உப்பு, காலடியில் மூச்சு

மாணவர்களே, சாரணர்களே, இந்த அலையாத்திக் காட்டின் வெண்கண்டல் மர இலையைப் பறிக்காமல் விரலால் தடவி, விரல் நுனியை நாக்கில் வையுங்கள். கரிக்கிறதா? வேர் வழியாக ஏறி வந்த உப்பை இலையின் சுரப்பிகள் வெளியே தள்ளியிருக்கின்றன. வெயில் நேரமானால் வெள்ளைப் பொடியாகவே படிந்திருக்கும், பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

இப்போது குனியுங்கள். சேற்றில் பென்சில் பென்சிலாக நிமிர்ந்து நிற்பவை மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால், நீர் வடிந்த வேளையில் இவற்றின் நுண்துளைகள் வழியாகத்தான் வேர்களுக்குக் காற்று போகிறது. தயவுசெய்து ஒன்றைக்கூட மிதிக்காதீர்கள்.

சுரபுன்னை மரத்தில் முருங்கைக்காய் போலத் தொங்குவது, தாய்மரத்திலேயே முளைவிட்ட கன்று. இதே காட்டில் நீர் தேங்கி உப்பேறி மரங்கள் பட்டுப்போன பள்ளங்களில், 1990களில் மீன்முள் போல வாய்க்கால் வெட்டி, கடல்நீர் வந்துபோக வழிசெய்து கன்றுகள் நட்டார்கள். காடு திரும்ப வந்தது. உதிர்ந்து கிடக்கும் கன்றை எடுத்து, ஆசிரியர் காட்டும் இடத்தில் நிமிர்த்தி ஊன்றுங்கள்.