ஒப்படைக்கப்பட்ட வாக்கு

நுழையும்முன்

அடுத்த வீட்டார் ஒருவர், தம் நண்பரிடம் சேர்க்குமாறு ஒரு பொருளை நம்மிடம் தருகிறார். அந்நண்பரோ ஊரைவிட்டே சென்றுவிட்டார். அப்பொருளை நாம் விரும்பிய எவருக்கேனும் கொடுத்துவிடலாமா? அமெரிக்கக் கட்சி மாநாடுகளில் வாக்கைக் குறித்தும் இத்தகைய வினா எழுவதுண்டு.

முதனிலைத் தேர்தலும் பேராளரும்

நம் நாட்டில் ஒரு கட்சியின் வேட்பாளரைப் பெரும்பாலும் அக்கட்சியின் தலைமையே அறிவிக்கிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு அதிபர் தேர்தல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும். அதற்கு முன்னரே ஜனநாயகக் கட்சியும் குடியரசுக் கட்சியும் தத்தம் வேட்பாளர் யார் என மக்களிடம் கேட்கின்றன. பெரும்பாலான மாநிலங்களில் இதற்கென நடைபெறும் வாக்கெடுப்பு முதனிலைத் தேர்தல் எனப்படும்.

இத்தேர்தலின் முடிவைக் கொண்டு ஒவ்வொரு போட்டியாளருக்கும் பேராளர்கள் ஒதுக்கப்படுவர். ஜனநாயகக் கட்சியில் நூற்றுக்கு 15 வாக்குகளேனும் பெற்றவருக்கே பேராளர்கள் கிடைப்பர். பின்னர்த் தேசிய மாநாட்டில் பேராளர்கள் வாக்களிப்பர். பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறுபவரே கட்சியின் வேட்பாளர் ஆவார்.

மாநாட்டுக்கு முன்பே ஒரு போட்டியாளர் விலகிவிட்டால், அவருக்கென ஒதுக்கப்பட்ட பேராளர்கள் என்செய்வர்? இவ்வினாவுக்கு இரு கட்சிகளும் இருவேறு விடைகளைத் தருகின்றன.

விதியின் வழி

குடியரசுக் கட்சி விதியையே முதன்மையாகக் கொள்கிறது. விலகியவரின் பேராளர்கள் விடுவிக்கப்படுவரா, கட்டுண்டே இருப்பரா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கட்டுண்ட பேராளர் வேறொருவர் பெயரைச் சொன்னாலும், மாநாட்டுச் செயலாளர் விதிப்படியே வாக்கைப் பதிவு செய்வார்.

2016ஆம் ஆண்டு கிளீவ்லாந்து மாநாட்டில் இது வெளிப்படையாகத் தெரிந்தது. அலாஸ்கா மாநிலத்தார், தம் 28 வாக்குகளில் குரூசுக்கு 12, டிரம்புக்கு 11, ரூபியோவுக்கு 5 என அறிவித்தனர். குரூசும் ரூபியோவும் முன்னரே விலகியிருந்தனர். விலகியவரின் பேராளர்கள் களத்தில் எஞ்சியிருப்பவருக்கே உரியர் என்பது அம்மாநிலக் கட்சி விதி எனக் கூறி, மாநாட்டினர் 28 வாக்குகளையும் டிரம்புக்கே பதிவு செய்தனர். அலாஸ்கா பேராளர்கள் மறுப்புத் தெரிவித்தும் அப்பதிவு மாறவில்லை.

மனச்சான்றின் வழி

ஜனநாயகக் கட்சியிலும் ஒருகாலத்தில் கட்டுப்பாடு கடுமையாகவே இருந்தது. 1980இல் நியூயார்க் மாநாட்டில், பேராளர்களைக் கட்டுப்படுத்தும் விதியை நீக்குமாறு எட்வர்டு கென்னடியின் அணியினர் கோரினர். அக்கோரிக்கை தோற்றது, கென்னடியும் போட்டியிலிருந்து விலகினார். எனினும், அடுத்த தேர்தலுக்கு முன்னரே விதி தளர்த்தப்பட்டது. தம்மைத் தேர்ந்தெடுத்த மக்களின் எண்ணத்தை, மனச்சான்றுக்கு உண்மையாக நின்று எதிரொலிக்க வேண்டும் என்பதே இன்று பேராளருக்குரிய கடமை.

2008இல் ஹிலாரி கிளின்டன் போட்டியை நிறுத்திக்கொண்டு, மாநாட்டின்போது தம் பேராளர்களை விடுவித்தார். அவர் ஒபாமாவை ஆதரித்த பின்னரும், பேராளர் பலர் கிளின்டனுக்கே வாக்களித்தனர். வாக்கெடுப்பின் இடையில் கிளின்டனே எழுந்து, ஒபாமாவை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்குமாறு முன்மொழிந்தார்.

2024 சூலை 21 அன்று அதிபர் ஜோ பைடன் விலகியபோது, ஏறத்தாழ 3,900 பேராளர்கள் அவருக்கென இருந்தனர். துணை அதிபர் கமலா ஹாரிசை அவர் ஆதரித்தார். ஆயினும் அப்பேராளர்களை மற்றொருவருக்கு மாற்றித்தரும் உரிமை அவருக்கு இல்லை. பரிந்துரைக்க மட்டுமே இயலும். ஒவ்வொரு பேராளரும் தாமே முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஆகஸ்டுத் தொடக்கத்தில் இணையவழி நடந்த வாக்கெடுப்பில், வாக்களித்தோரில் 99 விழுக்காட்டினர் ஹாரிசைத் தேர்ந்தெடுத்தனர். ஹாரிசின் தாய்வழிப் பாட்டனாரின் பூர்வீக ஊர், திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் ஆகும்.

வாக்கு யாருடையது?

விதி, வாக்காளரின் முடிவைப் பிறர் மாற்றாமல் காக்கிறது. ஆனால், எதிர்பாராத சூழலுக்கேற்ப வளைந்துகொடுக்க அதனால் இயல்வதில்லை. மனச்சான்று, சூழலுக்கேற்ற முடிவை எடுக்க இடந்தருகிறது. ஆனால், அம்முடிவு மக்களின் எண்ணமா, பேராளரின் சொந்த விருப்பமா என அளந்தறியக் கருவி எதுவும் இல்லை. எவ்வழியாயினும் ஓர் உண்மை மாறாது. பேராளர் கையில் இருப்பது அவருடைய வாக்கன்று. பிறர் நம்பி ஒப்படைத்த வாக்கு.

சொற்பொருள்

பேராளர் – பலர் சார்பாக மாநாட்டில் பங்கேற்பவர்
கட்டுண்ட – கட்டுப்பட்ட
மனச்சான்று – நன்மை தீமை உணர்த்தும் உள்ளுணர்வு
ஒருமனதாக – கருத்து வேறுபாடின்றி

வினாக்கள்

1. முதனிலைத் தேர்தல் என்றால் என்ன?
2. அலாஸ்கா பேராளர்களின் வாக்குகள் எவ்வாறு பதிவு செய்யப்பட்டன? ஏன்?
3. பைடன் தம் பேராளர்களை ஹாரிசுக்கு மாற்றித்தர இயலாதது ஏன்?
4. விதியின் வழி, மனச்சான்றின் வழி – இவற்றுள் வாக்காளருக்கு நன்மை தருவது எது? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.