கல்லூரியில் வேலை பெறும் வழி

சென்ற பொங்கலுக்கு மறுவாரம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஒருவர் வந்தார். ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வக உதவியாளர் வேலை காலியாக இருப்பதாகவும், இரண்டு லட்ச ரூபாய் கொடுத்தால் அதை எனக்கு முடித்துத் தருவதாகவும் கூறினார். என் தந்தையார் கறவை மாடுகள் இரண்டையும் விற்கத் துணிந்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. விவரம் கேட்க வீட்டில் வேறு ஆளில்லை. "அறிவிக்கை எங்கே ஐயா?" என்றேன். "அதெல்லாம் உள்ளுக்குள்ளேயே நடக்கும் தம்பி" என்றார். அதன் பிறகு நான் விசாரித்து அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

அரசுக் கலைக் கல்லூரிகளின் உதவிப் பேராசிரியர்களை ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கிறது. 2024ஆம் ஆண்டில் அது 4000 பணியிடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டது. பல்கலைக்கழகங்களோ தம் ஆசிரியர்களுக்குத் தாமே விளம்பரம் செய்து, நேர்காணல் நடத்தி, ஆட்சிக்குழுவின் ஒப்புதலோடு நியமிக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி முதுகலையில் 55 விழுக்காடும், அதனுடன் நெட் அல்லது செட் தேர்ச்சியும் வேண்டும். முனைவர் பட்டம் பெற்றோருக்கு அத்தேர்வுகளிலிருந்து விலக்கு உண்டு. வேதியியல், இயற்பியல் போன்ற நம் பாடங்களுக்குரியது சி.எஸ்.ஐ.ஆர். நெட். இதில் ஒரு நுணுக்கம்: 2024 முதல் "முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும்" என்றும் ஒரு தகுதி வழங்குகிறார்கள். அதை மட்டும் வைத்து உதவிப் பேராசிரியர் ஆக முடியாது. பலர் இதைக் கவனிப்பதில்லை.

கல்லூரி அலுவலகத்தின் இளநிலை உதவியாளர், தட்டச்சர் பணிகள் குரூப் 4 தேர்வின் வழியே நிரம்புகின்றன. பத்தாம் வகுப்பே அடிப்படைத் தகுதி.

எந்தப் பணியானாலும் அறிவிக்கையில் எண், தேதி, காலியிடம், தகுதி, சம்பளம், இனச்சுழற்சி ஆகியவை அச்சாகி இருக்கும். கட்டணத்தை விண்ணப்பத்தோடு செலுத்துகிறோம். அதற்கு ரசீது உண்டு. திண்ணையில் செலுத்தும் பணத்துக்கு ரசீது ஏது?

நம் உத்திரமேரூருக்கு இது புதிதன்று. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வாரிய உறுப்பினராக 35 முதல் 70 வரை வயது, வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி என்றெல்லாம் தகுதி கூறுகிறது. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்கக் கூடாது. சபை நடுவே ஒரு சிறுவன் குடத்திலிருந்து ஓலை எடுக்க, ஐந்து விரலையும் விரித்த கையில் அதை வாங்கி உரக்கப் படிப்பார்கள். நிலமில்லாத என் பாட்டனார் போன்றோரின் பெயர் அக்குடத்தில் விழுந்திராது என்பது வேறு விஷயம். மூன்று ஆறுகள் கூடும் திருமுக்கூடலில் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு இன்னும் பொருத்தமானது. கல்விச்சாலை, விடுதி, 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலை ஆகியவற்றின் ஊழியர் ஊதியம் அதில் உள்ளது. மருத்துவருக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். நாவிதருக்கு 15 கலம் நெல்.

இவற்றையெல்லாம் தந்தையாரிடம் சொன்னேன். கல்வெட்டு அவர் மனத்தில் பதிந்ததோ இல்லையோ, ரசீது பதிந்தது. மாசியில் அந்த மனிதர் மீண்டும் வந்தபோது, "நோட்டீசு இருந்தா பையன்கிட்ட காட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். நான் குரூப் 4 தேர்வுக்குப் படித்து வருகிறேன். நெட் பாடத்திட்டத்தையும் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.