மின்மாற்றியைக் காக்கும் இரு மிதவைகள்

துணைமின் நிலையங்களில் உள்ள பெரிய மின்மாற்றியின் உட்புறத்தை, அது இயங்கும்போது யாரும் பார்க்க முடியாது. இரும்பு உள்ளகமும், காகிதம் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள்களும், மூடிய தொட்டிக்குள் பல்லாயிரம் லிட்டர் எண்ணெயில் மூழ்கியுள்ளன. எண்ணெய் சுருள்களின் வெப்பத்தை வெளியே கொண்டு செல்கிறது; மின்காப்புப் பொருளாகவும் உதவுகிறது. ஆனால் அது எரியக்கூடியது. உள்ளே வலிய மின்பொறி தோன்றினால் தொட்டி பிளந்து தீப்பற்றிக் கொள்ளலாம். ஆகவே, பழுது சிறிதாக இருக்கும்போதே அதைக் கண்டறிதல் வேண்டும்.

மின்னோட்டத்தை அளந்தால் போதாதா?

உள்ளே செல்லும் மின்னோட்டத்தையும் வெளிவரும் மின்னோட்டத்தையும் ஒப்பிடும் கருவி ஒன்று உண்டு. அது வேறுபாட்டு ரிலே எனப்படும். இரண்டும் சுருள்களின் விகிதப்படி அமையாவிட்டால், அது உடனே இணைப்பைத் துண்டிக்கும்.

எனினும் ஒரு பழுது அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரு சுருளில் 1,000 சுற்றுகள் இருப்பதாகக் கொள்வோம். இரு சுற்றுகளுக்கு இடையேயுள்ள காகிதம் நைந்துபோனால், ஒரு சுற்று தனி வளையமாக மூடிக்கொள்ளும். அவ்வளையத்தில் 2,000 ஆம்பியர் பாய்ந்தாலும், வெளிக் கம்பியில் கூடுவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கே. அதாவது 2 ஆம்பியர்தான். ரிலே இதைப் பொருட்படுத்தாது. உள்ளே செம்போ உருகிக்கொண்டிருக்கும்!

எண்ணெய் தரும் செய்தி

இந்தப் பழுதை வேறொரு வழியில் அறியலாம் என்று காட்டியவர் ஜெர்மனியைச் சேர்ந்த மாக்ஸ் புக்ஹோல்ஸ். அவர் 1921-இல் உருவாக்கிய ரிலே அவர் பெயராலேயே வழங்குகிறது. அதன் தத்துவம் எளியது. பழுதான இடத்தின் கடும் வெப்பத்தால் எண்ணெய் சிதைந்து வாயுவாகிறது. வாயுக் குமிழிகள் மேலெழுந்து, தொட்டியின் உச்சியிலிருந்து சற்றே சாய்வாக ஏறும் குழாய் வழியாக, மேலேயுள்ள சிறு எண்ணெய்க் கலத்தை நோக்கிச் செல்கின்றன. அக்குழாயின் நடுவே இந்த ரிலே பொருத்தப்படுகிறது.

அதனுள் இரு மிதவைகள் உள்ளன. பழுது சிறிதானால், வாயு மெல்ல மெல்ல ரிலேயின் மேற்பகுதியில் சேர்கிறது. அங்குள்ள எண்ணெய் மட்டம் தாழ, மேல் மிதவையும் தாழ்ந்து ஒரு மின்தொடுப்பை மூடுகிறது. எச்சரிக்கை மணி ஒலிக்கிறது. பழுது கடுமையானால், வாயு திடீரெனப் பெருகி, எண்ணெயைக் குழாய் வழியே வேகமாகத் தள்ளுகிறது. அந்தப் பாய்ச்சல் கீழ் மிதவையுடன் அமைந்த தகட்டைச் சாய்க்க, மின்மாற்றியின் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. எண்ணெய் கசிந்து குறைந்தாலும் முதலில் மணி ஒலிக்கும். பின்னர் இணைப்பு அறும்.

வாயுவே சாட்சி

சேர்ந்த வாயுவைச் சோதித்தால் நோய் எதுவெனத் தெரியும். அசிட்டிலீன் மிகுந்திருந்தால் மின்பொறி தோன்றியதற்கு அது அறிகுறி. கார்பன் மோனாக்சைடு மிகுந்திருந்தால் காகிதம் கருகியிருக்கலாம். வெறும் காற்று மட்டுமே எனில், எண்ணெய் நிரப்பியபோது உள்ளே தங்கிய காற்றாக இருக்கக்கூடும், அச்சம் தேவையில்லை.

புக்ஹோல்ஸ் ரிலேக்கும் எல்லை உண்டு. தொட்டிக்கு வெளியே, பீங்கான் காப்பிகளின் மேல் மின்பொறி பாய்ந்தால் அதை இது அறியாது. எண்ணெய் நகர்ந்து வந்து தட்ட வேண்டியிருப்பதால், கடும் பழுதில் வேறுபாட்டு ரிலேயே முந்திக்கொள்ளும். எனவே பெரிய மின்மாற்றிகளில் இரண்டும் வைக்கப்படுகின்றன. இவற்றுடன் எண்ணெய், சுருள் ஆகியவற்றின் வெப்பநிலை காட்டிகளும், மிகை அழுத்தத்தை வெளியேற்றும் அடைப்பானும் உண்டு.

கருவி இணைப்பைத் துண்டித்த பிறகு, ஊர் இருளில் இருக்கிறதே என்று உடனே மீண்டும் மின்சாரம் செலுத்தத் தோன்றும். அங்கேதான் பேராபத்து. நைந்த காகிதம் தானாகக் குணமாவதில்லை. இரண்டாம் முறை செலுத்தும் மின்சாரம் பழுதைத் தீவிபத்தாக மாற்றிவிடலாம். வாயுவைச் சோதித்துக் காரணம் அறிந்த பின்னரே மின்மாற்றியை இயக்குதல் வேண்டும். மிதவை எச்சரிக்க மட்டுமே வல்லது. அதைக் கேட்டு நடப்பது மனிதனின் பொறுப்பு.