ஊர் எல்லை தாண்டினால் தோளில் ரைஃபிள்... பனிக்கரடி தேசத்தில் எந்தத் துப்பாக்கி?

2020 ஆகஸ்ட். நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில், லாங்யர்பியன் ஊர் அருகே கூடாரத்தில் இருந்தவரைப் பனிக்கரடி தாக்கிக் கொன்றது. சுடப்பட்ட கரடியும் செத்துப்போனது.

அங்கே ஊரைத் தாண்டினாலே கரடியை விரட்டும் கருவி கையில் இருக்கணும். இது சட்டம். கூடவே துப்பாக்கியும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது நிர்வாகம். சுற்றுலாப் பயணிகளுக்குப் பெரும்பாலும் கைடுதான் சுமப்பார்.

எந்தத் துப்பாக்கி? ஆண் கரடி 500 கிலோவைக்கூடத் தாண்டும். சின்ன தோட்டாவெல்லாம் வேலைக்கு ஆகாது. குறைந்தது .308 அல்லது .30-06 ரக ரைஃபிள் வேண்டும். பட்டதுமே சிதறிவிடும் லேசான குண்டு கூடாது. கொழுப்பையும் எலும்பையும் தாண்டி ஆழமாகப் பாயணும்.

குளிர் இன்னொரு தலைவலி. துப்பாக்கிக்குப் போட்ட எண்ணெயே உறைபனியில் கெட்டியாகி, விசையை இழுத்தாலும் வெடிக்காமல் போகலாம். வெளியே சில்லிட்ட துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் ஈரம் படியும். மறுபடி வெளியே போனதும் அது உறையும்.

ஆனால், கரடியைப் பார்த்ததும் சுட முடியாது! 1973 முதல் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. முதலில் விலகணும், நெருங்கி வந்தால் ஒளிக்குண்டு சுட்டு விரட்டணும். உயிருக்கு ஆபத்து, வேறு வழியே இல்லை என்றால் மட்டும்தான் ரைஃபிள். கரடி செத்தால் விசாரணை உண்டு. தேடிப்போய்ப் பார்ப்பதும் குற்றம்தான்: 2025 முதல் 300 மீட்டர் தள்ளியே நிற்கணும், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர்.