காடியைக் கழுவலாம், சாயத்தைக் கழுவ வேண்டாம்



சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்திய வாரத்தில், நம் பள்ளியில் நான்காம் ஆண்டு படித்த மாணவன் ஒருவன் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. ஒரு நாளும் தவறாமல் வருகிற பையன். விசாரித்தபோது, தந்தைக்குப் பயந்து பக்கத்துத் தோட்டத்திலுள்ள பாட்டி வீட்டில் போய் இருந்துகொண்டான் என்று தெரிந்தது.

நடந்தது இதுதான். அவன் தந்தை தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுபவர். பல காலம் சேர்த்து வைத்த பணத்தை முன்பணமாகக் கட்டி, மீதிக்கு மாதத் தவணை போட்டு, ஒரு பழைய புரோட்டோன் சாகா வாங்கியிருந்தார். கருநீல நிறம். அந்த லயத்தில் அவர்கள் வீட்டு வாசலில்தான் அப்போது காடி நின்றது. பெருநாளுக்கு அதைப் பளபளவென்று ஆக்கி, அப்பா வேலை முடிந்து வரும்போது காட்ட வேண்டும் என்று பையனுக்கு ஆசை. அம்மா சட்டி துலக்கும் பச்சை நாரையும் துணி துவைக்கும் சோப்புத்தூளையும் எடுத்துக்கொண்டான். உச்சி வெயிலில் நின்று, முன்மூடியையும் ஒரு பக்கத்துக் கதவுகளையும் அழுந்தத் தேய்த்து முடித்தான். ஈரமாக இருந்தவரை எல்லாம் அழகாகவே இருந்தது. காய்ந்த பிறகு பார்த்தால், நீல நிறத்தின்மேல் சாம்பல் பூசியது போல் ஆயிரம் கீறல்கள்.

மூன்றாம் நாள் தந்தையே பையனை அழைத்து வந்து விட்டார். கோபம் தணிந்திருந்தது. "என்னென்னமோ சொல்லிக் கொடுக்கிறீங்க சார், காடி கழுவவும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க," என்றார். பாதி விளையாட்டு, பாதி வருத்தம். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு நமக்கும் அது சரியாகத் தெரியாது. நம் வண்டியையும் பழைய பனியனாலும் சோப்புத்தூளாலும்தான் கழுவிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகுதான் பட்டறைக்காரர்களிடம் கேட்டும், படித்தும், செய்து பார்த்தும் தெரிந்துகொண்டோம். தெரிந்துகொண்டதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில், காடியின் சாயம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். இரும்புத் தகட்டின்மேல் துரு ஏறாமல் காக்க ஒரு பூச்சு. அதன்மேல் தளத்தைச் சமப்படுத்த ஒரு பூச்சு. அதற்குமேல் நாம் கண்ணால் காணும் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போல் நிறமில்லாத ஒரு பூச்சு. இந்த நான்கையும் சேர்த்து அளந்தாலும், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மேலே உள்ள அந்தத் தெளிந்த பூச்சு, ஒரு தலைமயிரின் பருமனைக்கூட எட்டுவது அரிது. காடியின் பளபளப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் அந்தத் தெளிந்த பூச்சும் கிடையாது, நிறமே மேற்பூச்சு. அப்படிப்பட்ட வண்டியைத் தேய்த்தால் நிறம் துணியில் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம்.

பால் வெட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். சற்று ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம். சாயமும் அந்தப் பட்டை மாதிரிதான். ஒரு வேறுபாடு உண்டு. மரத்துக்குப் பட்டை திரும்ப வளரும். சாயம் வளராது. கழுவும்போது போனது போனதுதான்.

சரி, சாயத்தைக் கீறுவது எது? தண்ணீரா? சோப்பா? பெரும்பாலும் இரண்டுமே அல்ல. காடியின்மேல் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் மண்தான். தோட்டத்துப் பாதையில் ஓடும் வண்டியின்மேல் செம்மண் புழுதி படியாத நாள் உண்டா? அந்தச் செம்மண்ணோடு நுண்ணிய மணலும் கலந்திருக்கிறது. மணல் கண்ணாடியையே கீறக்கூடியது. சாயம் அதற்கு எம்மாத்திரம்? மண் காடியின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும்வரை பெரிய தீங்கு இல்லை. அதன்மேல் ஒரு துணியை வைத்து அழுத்தி இழுக்கிறோமே, அப்போதுதான் அந்தத் துணி மணல் தாளாக மாறிவிடுகிறது. அந்தப் பையன் வெறும் பனியனால் தேய்த்திருந்தாலும் கீறல் விழுந்தே இருக்கும். பச்சை நார் அதைப் பத்து மடங்கு ஆக்கியது. காய்ந்த துணியால் புழுதியைத் தட்டித் துடைத்துவிட்டு வேலைக்குப் புறப்படும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இதைவிடக் கெட்ட பழக்கம் வேறில்லை.

ஆகவே, கையால் தொடுவதற்கு முன்பே எவ்வளவு மண்ணைப் போக்க முடியுமோ அவ்வளவையும் தண்ணீராலேயே போக்கிவிட வேண்டும். முழு வித்தையும் இதில்தான் இருக்கிறது.

காலையில் வெயில் ஏறுமுன், அல்லது மாலை நான்கு ஐந்து மணிக்கு மேல், காடியை நிழலில் நிறுத்துங்கள். நம் நாட்டு நடுப்பகல் வெயிலில் கருநிறக் காடியின் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸுக்கு மேல் சுடும். அதன்மேல் சோப்பு நீரை விட்டால், கழுவுமுன்பே காய்ந்து கறையாகப் படியும். இப்போதுதான் ஓடி வந்த வண்டி என்றால், சூடு ஆறும்வரை பொறுத்திருங்கள். நிழல் என்றதும் ரப்பர் மரத்தடியைத் தேடிப் போக வேண்டாம். காய் வெடிக்கும் காலத்தில் கொட்டைகள் தெறித்து விழும். அது வேறு வம்பு.

ரப்பர் குழாய் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குவளையால் மொண்டு ஊற்றினாலும் போதும். கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி நன்றாக நனையுங்கள். சேறு உறைந்த இடங்களை நனைத்துவிட்டுச் சற்று நேரம் ஊற விடுங்கள். மறுபடி ஊற்றுங்கள். சக்கரத்துக்கு மேலுள்ள வளைவுகளின் உட்புறம்தான் சேறு கட்டியாகச் சேரும் இடம். அங்கே தாராளமாக ஊற்றலாம்.

இப்போது இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றில் சோப்பு நீர், மற்றொன்றில் வெறும் நீர். 'கழுவுவதற்கு எதற்கு இரண்டு வாளி?' என்று வீட்டில் கேட்பார்கள். நம் வீட்டிலும் கேட்டார்கள். காரணம் இதுதான்: துணி காடியிலிருந்து மண்ணை எடுக்கிறது. அதை நேரே சோப்பு வாளியில் முக்கினால் மண் அங்கே தங்கி, அடுத்த முறை துணியோடு ஏறி மீண்டும் காடிக்கே வருகிறது. அதனால் ஒவ்வொரு முறையும் முதலில் வெறும் நீரில் அலசிப் பிழிந்து, பிறகே சோப்பு நீரில் நனைக்க வேண்டும். வேலை முடிந்ததும் அலசிய வாளியின் அடியைப் பாருங்கள். செந்நிறமாய் ஒரு படிவு தங்கியிருக்கும். அத்தனையும் உங்கள் சாயத்தின்மேல் இழுபட இருந்த மணல்.

சோப்பு என்றால் காடிக்கென்று விற்கும் ஷாம்பு. ஒரு புட்டி வாங்கினால் பல மாதம் வரும். அட்டையில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஊற்ற வேண்டியதில்லை. துணி துவைக்கும் தூளில் சோடா போன்ற காரப்பொருள்கள் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க அது நல்லது. ஆனால் காடியின்மேல் பூசிய மெழுகையும் அது பிசுக்கென்றே எண்ணி எடுத்துவிடும். சரியாகக் கரையாத தூள் வேறு உராயும். பாத்திரம் கழுவும் திரவமும் மெழுகை விடாது. ஷாம்பு வாங்க இந்த மாதம் கையில் காசில்லையா? வெறும் தண்ணீரால் கழுவுங்கள். மெல்லிய புழுதிக்கு அதுவே போதும். சோப்புத்தூளைவிட எவ்வளவோ மேல்.

துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாசார் மாலாமில்கூட மைக்ரோபைபர் துணி மலிவாகக் கிடைக்கிறது. அதன் இழைகளின் நடுவே மண் உள்வாங்கிக்கொள்ளும்; மேற்பரப்பில் நின்று கீறாது. பழைய சட்டைதான் கைவசம் உள்ளது என்றால் பொத்தான், ஜிப், தடித்த தையல் ஆகியவற்றை வெட்டி எறிந்துவிட்டு, மென்மையான பருத்தித் துணியை மட்டும் பயன்படுத்துங்கள். தேங்காய் நார், பச்சை நார், தேய்க்கும் தூரிகை ஆகியவற்றைச் சாயத்தின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். துணி கீழே மண்ணில் விழுந்துவிட்டால், உதறிவிட்டுத் தொடர்வது கூடாது. வேறு துணி எடுங்கள்.

மேலிருந்து கீழே, ஒரே திசையில், கையின் பாரத்தை விடாமல் துடையுங்கள். வட்டம் வட்டமாகச் சுழற்றுவது நமக்கெல்லாம் பிறவிப் பழக்கம். அப்படி விழுந்த கீறல்கள்தான் மாலை வெயிலில் சிலந்தி வலை போல் மின்னுகின்றன. கதவின் கீழ்ப்பாதியும் பின்புறமும் கடைசியில். சக்கரங்களுக்கு வேறு துணி, வேறு நீர். பிரேக்கிலிருந்து தேய்ந்து வரும் இரும்புத் தூள் அங்கே இருப்பதால், அந்தத் துணியைக் காடியின் உடலுக்குத் திரும்பக் கொண்டு வரக்கூடாது.

கழுவி முடித்ததும் தானாகக் காயட்டும் என்று விட்டுவிடாதீர்கள். நீர் ஆவியாகிப் போகும். அதில் கரைந்திருந்த உப்பும் சுண்ணாம்பும் வட்டப் புள்ளிகளாகத் தங்கிவிடும். ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா வட்டாரம் போலச் சுண்ணாம்புக் குன்றுகள் நிறைந்த இடங்களில், கிணற்று நீரையோ ஊற்று நீரையோ கொண்டு கழுவுகிறவர்கள் இதை நன்றாகவே பார்த்திருப்பார்கள். சுத்தமான வேறொரு துணியை விரித்துப் போட்டு, மெல்ல இழுத்து, ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

தோட்டத்துக்கே உரிய சில தொல்லைகள் உண்டு. அவற்றைப் பட்டணத்தார் எழுதும் குறிப்புகளில் காண முடியாது. ரப்பர் பால் சிந்தினால் ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் ஊற்றினால் போய்விடும். காய்ந்துவிட்டால் நகத்தாலோ கத்தியாலோ சுரண்டக்கூடாது. பெட்ரோல் போட்டும் துடைக்கக்கூடாது. சோப்பு நீரில் ஊறவைத்து, விரலால் மெல்ல உருட்டினால் திரண்டு உருண்டையாக வரும். பாலை உறைய வைக்கும் அமிலத்தைக் காடியில் ஏற்றிச் செல்லாமலிருப்பதே நல்லது. செம்பனைக்குப் போடும் உரமும் அப்படித்தான். பொட்டாஷ் என்று சொல்கிறோமே, அது ஒரு வகை உப்பு. பூட்டில் ஒரு மூட்டை வைத்து எடுத்துப் போனால், சிந்திய நாலு மணி மழை ஈரத்தோடு சேர்ந்து தகட்டை அரிக்கும். கூட்டி எடுத்துவிட்டு, ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். கதவுகளின் அடிவிளிம்பில் சிறிய துளைகள் இருக்கும். உள்ளே இறங்கும் நீர் வடிவதற்காக வைத்தவை. செம்மண் அவற்றை அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். நம் பக்கத்து வண்டிகளில் கதவின் அடி முதலில் உளுத்துப்போவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

காக்கையும் மைனாவும் எச்சமிட்டால் ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம். அதில் அமிலம் உண்டு. வெயில் சூட்டோடு சேர்ந்து ஓரிரு நாளிலேயே சாயத்தில் மங்கலான தடம் பதிந்துவிடும். நனைந்த துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு வைத்துப் பிறகு தூக்கி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

பளபளப்புக்காக மண்ணெண்ணெய் தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பளபளப்பு எண்ணெயின் பளபளப்பு. அடுத்த நாள் புழுதி முழுவதையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும், ரப்பர் பாகங்களையும் கெடுக்கும். அதற்குப் பதில் சில மாதத்துக்கு ஒரு முறை மெழுகு பூசலாம். காடி மெழுகுகளில் பேர்பெற்றது பிரேசில் நாட்டில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. கார்னவ்பா என்று பெயர். நம் செம்பனைக்குத் தூரத்து உறவு! கழுவிய காடியின்மேல் நீர் முத்து முத்தாகத் திரண்டு நின்றால் மெழுகு இருக்கிறது. பாயாகப் படர்ந்து நின்றால் போய்விட்டது.

மோட்டார் சைக்கிளுக்கும் இதெல்லாம் பொருந்தும். ஓடி வந்த சூட்டோடு என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டாம். கழுவிய பின் சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள்.

அந்தப் புரோட்டோன் சாகாவை அவர் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். மேலோடு விழுந்த கீறல்களை மெருகு மருந்து போட்டுக் குறைத்தார்கள். அந்த மெருகும் சாயத்தைச் சிறிது தேய்த்தே மெருகேற்றுகிறது என்பதால், அடிக்கடி செய்யக்கூடியதல்ல. ஓட்டுநர் பக்கத்துக் கதவில் ஆழமாக விழுந்தவை அப்படியே நின்றுவிட்டன. மறுபடி சாயம் அடிக்கச் சொன்ன தொகை பெரியது. அந்த ஆண்டு பெருநாளுக்குப் பிறகு அது அவரால் முடியவில்லை. பையன் பிறகு இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டான். அவனைப் பார்க்கும்போது, காடி கழுவும் நாளில் வாளி இரண்டுக்கும் தானே பொறுப்பு என்று சொல்லிச் சிரிப்பான்.

கழுவிய பின் வண்டியை எடுக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். பிரேக் நனைந்திருக்கும்; உடனே சரியாகப் பிடிக்காது. மெதுவாக நகர்த்தி, இரண்டு மூன்று முறை பிரேக்கை அழுத்திப் பார்த்துவிட்டுச் சாலைக்கு ஏறுங்கள். சோப்பு நீரைப் புல்தரையில் ஊற்றுங்கள்; ஆற்றில் இறக்கி வண்டி கழுவும் வழக்கம் வேண்டாம், கீழே அதே நீரில் இறங்குகிறவர்கள் உண்டு. வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், ஒரு வாரம் பத்து நாளில் புதுக் கொசுக்கள் பறக்கத் தொடங்கிவிடும்.