அம்பர் மணியும் அதன் மருத்துவ நம்பிக்கையும்

'அம்பர்' என்னும் சொல் பொருள் மயக்கம் உடையது. அரபு மொழியினின்று வந்த இச்சொல், முதற்கண் திமிங்கிலத்தினின்று கிடைக்கும் மணப்பொருளையே குறித்தது. தமிழில் மீனம்பர் என வழங்குவது அதுவே. ஐரோப்பிய மொழிகளிற் புகுந்தபின், பண்டை மரப்பிசின் நிலத்துட் புதைந்து இறுகிய பொன்னிற மணியையும் அது குறிக்கலாயிற்று. ஈண்டு ஆராயப்படுவது அம்மணியே.

பால்டிக் கடற்கரையில் மிகுதியாகக் கிடைக்கும் இம்மணி, உரோமானியர் காலத்திலேயே மருந்தெனப் போற்றப்பட்டது. கி.பி. முதல் நூற்றாண்டினராகிய பிளினி, போ ஆற்றுக்கு அப்பாலுள்ள நாட்டுப்புறப் பெண்டிர் தொண்டை வீக்கத்தைத் தடுக்க இதனைக் கழுத்தில் அணிந்தனர் என்றும், குழந்தைகட்குக் காப்பாகக் கட்டுவது நலம் பயக்கும் என்றும் தம் 'இயற்கை வரலாறு' என்னும் நூலின் 37-ஆம் பகுதியிற் கூறுகின்றார். தேய்த்த மணி துரும்பை இழுக்கும். அதனைக் கண்ட மக்கள், நோயையும் அஃது இழுக்கும் என எண்ணியிருத்தல் கூடும்.

இன்றும் அவ்வழக்கம் அழிந்திலது. பல் முளைக்கும் குழந்தைகளின் நோவு தணிய அம்பர் மாலை அணிவித்தல் ஐரோப்பா, அமெரிக்கா, ஆசுத்திரேலியா ஆகிய இடங்களிற் பரவியுள்ளது. ஆயின், காப்பு என்ற பழைய காரணம் மறைய, வேதியியற் காரணம் ஒன்று அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. உடற்சூட்டால் மணியினின்று சக்சினிக் அமிலம் கசிந்து தோல்வழிப் புகுந்து வலியைத் தணிக்கும் என்பர் விற்போர். பால்டிக் அம்பரில் அவ்வமிலம் இருத்தல் உண்மையே. 1546-இல் அகிரிகோலா அம்பரைக் காய்ச்சி வடித்து அதனைப் பெற்றார். அதன் பெயரும் அம்பரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்ததே. பெயரொற்றுமை நம்பிக்கைக்குச் சான்றுபோல் நின்றது எனலாம். ஆனால் அமிலம் மணியினுள் இருத்தல் வேறு, வெளிப்படுதல் வேறு. காய்ச்சி வடிக்கும் வெப்பம் எங்கே, குழந்தையின் உடற்சூடு எங்கே? 2019-இல் வெளிவந்த ஆய்வொன்று, மணியினின்று அவ்வமிலம் மனிதத் தோலுட் செல்லும் என்பதற்குச் சான்றில்லை எனக் கண்டது. மேலும் அஃது உயிரணுக்களில் இயல்பாகவே தோன்றும் பொருளாம்.

பயனின்மை மட்டுமாயின் இதனை வாளா விடலாம். அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், 18 திங்கள் நிரம்பிய குழந்தை ஒன்று உறங்குகையில் அம்பர் மாலையால் கழுத்து இறுகி இறந்ததைச் சுட்டி, 2018-இல் எச்சரிக்கை விடுத்தது. அறுந்த மணி தொண்டையில் அடைத்தலும் உண்டு. தூய விரலால் ஈற்றை மெல்லத் தேய்த்தலையும், கெட்டியான இரப்பர் வளையத்தைக் கடிக்கக் கொடுத்தலையுமே அந்நிருவாகம் மாற்றாகக் கூறுகின்றது.