பாட்டரி இல்லாத ரிமோட்

ரிமோட் வேலை செய்யாவிட்டால் முதலில் பாட்டரியை மாற்றுகிறோம். ஆனால் 1956-இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் கமாண்ட்' ரிமோட்டில் பாட்டரியே கிடையாது. ராபர்ட் ஆட்லர் வடிவமைத்த அக்கருவியினுள் இருப்பவை அலுமினியத் தண்டுகளும் அவற்றைத் தட்டும் சிறு சுத்திகளுமே.

பொத்தானை அழுத்தினால் சுத்தி தண்டின் முனையில் அடிக்கும்; தண்டு நீளவாக்கில் அதிரும். அலுமினியத்தில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 5,000 மீட்டர். தண்டின் நீளம் சுமார் 6.3 சென்டிமீட்டர். வேகத்தை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் விநாடிக்கு ஏறக்குறைய 40,000 அதிர்வுகள் என்று வரும். நம் செவிக்கு எட்டுவது 20,000 வரைதான். தண்டுக்குத் தண்டு நீளம் சற்று மாறும். அதனால் அதிர்வெண்ணும் மாறும். அதைக் கொண்டே தொலைக்காட்சிப் பெட்டி கட்டளையை அறிகிறது.

இவற்றைப் பேணி வைத்திருப்போர் இன்றும் உளர். பழுது நேர்ந்தால், திருப்புளியை எடுக்குமுன் சாவிக்கொத்தைப் பெட்டியின் எதிரே குலுக்கிப் பார்க்க வேண்டும். அச்சலசலப்பிலும் இவ்வதிர்வெண்கள் உண்டு. சானல் மாறினாலோ ஒலி அடங்கினாலோ பெட்டி நலம், பழுது ரிமோட்டில்தான். பொத்தானை அழுத்தியும் 'டக்' ஒலி எழாவிடில் ஸ்பிரிங்கைப் பார்க்கவும். ஒலி எழுந்தும் பயனில்லையேல், தண்டின்மேல் அழுக்கு ஏறியிருக்கலாம். அல்லது அதன் முனையில் ஏதேனும் உரசலாம். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். அரத்தால் மட்டும் ராவக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே அதிர்வெண் சுமார் 600 ஏறிவிடும். பின்பு அக்கட்டளை பெட்டிக்குப் புரியாது.

சாவிக்கொத்துக்கும் பெட்டி அசையவில்லையா? பழுது அதனுள்தான். பிக்சர் டியூபின் உயர்மின்னழுத்தம் பெட்டியை அணைத்த பின்னும் தங்கியிருக்கும். அங்கே கை வைக்காமல் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே நன்று.